சந்தா கட்டாமல் ரா படம் திருத்த: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

கேமராவுக்கு 2,000 வெள்ளி கொடுக்கத் தயங்காத கை, மென்பொருளுக்கு மாதம் பதினைந்து வெள்ளி என்றதும் பின்வாங்குகிறது. அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கேமரா ஒருமுறைச் செலவு. சந்தா மாதா மாதம் வந்து கதவைத் தட்டும். அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமின் தனித் திட்டம் மாதம் சுமார் 12 அமெரிக்க டாலர். அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வெளிநாட்டு நிறுவனம்தானே, நமக்கு எதற்கு வரி என்று கேட்க வழியில்லை: இணையவழி விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் வரி உண்டு. மூன்றாண்டு கட்டினால் மொத்தம் 600 வெள்ளியைத் தொடும். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதியில் அந்தக் காசுக்குப் பழைய 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று தேறும். கல்யாணப் படங்களுக்கு எந்த மென்பொருளையும்விட அது அதிகம் செய்யும்.

சந்தா இல்லாமல், அல்லது ஒரே முறை காசு கொடுத்து, ரா படங்களை (சென்சர் பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை)த் திருத்த எதை நம்பலாம்? கேமரா நிறுவனமே கொடுக்கும் இலவச மென்பொருளும், டார்க்டேபிள் என்ற இன்னோர் இலவச மென்பொருளும் சேர்ந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். இரவுப் படம் அதிகம் எடுப்பவர் மட்டும் நாய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் தூவியதுபோல் விழும் புள்ளிகள்) நீக்கத்துக்காக ஒரு தொகை கொடுக்கலாம். வாரா வாரம் கல்யாணம் எடுத்துப் பிழைப்பவர் லைட்ரூமுக்கே கட்டிவிடலாம். அவருக்கு நேரம்தான் காசு.

ஒப்பீடுகள் பலவற்றில் ஒரு குறை. பனிமலை, ஏரி, ஜன்னலோர வெளிச்சத்தில் வெளுத்த முகம் ஆகியவற்றை வைத்துத்தான் மென்பொருளை எடைபோடுவார்கள். அந்தப் படங்களை எந்த மென்பொருளும் அழகாகவே காட்டும். நம் மெமரி கார்டில் இருப்பது வேறு. சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டு, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை விடிய விடிய நடக்கும் தைப்பூசக் காவடி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி, மஞ்சள் பல்பும் ஊதா எல்இடியும் ஒன்றாக எரியும் மண்டபத்தில் அரக்குச் சிவப்புப் பட்டு. மென்பொருள் சறுக்குவது இங்கேதான்: நெருப்பு ரோஜா நிறமாகும், பட்டு ஒரே சிவப்புக் குழம்பாகும், கறுத்த முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகும். வாங்குவதற்கு முன் இந்த மாதிரி ஐந்து படங்களைச் சொந்தக் கேமராவில் எடுத்து, அவற்றை வைத்துச் சோதிப்பதே சரி.

கேமராவோடு வந்த இலவசம்

இதைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கேமராவின் பின்திரையில் தெரிந்த அதே நிறத்தைக் கணினியிலும் காட்டுவது நிறுவனத்தின் சொந்த மென்பொருள்தான். மற்றவை எல்லாம் அந்த நிறத்தை ஊகித்துக் கிட்டே வருபவை.

நிக்கான் வைத்திருப்பவருக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ. 2021-இல் வந்தது, இந்த வரிசையில் இதுவே முழுமையானது. படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு அந்த நிறத்தை மட்டும் ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இதில் உண்டு. மாலையும் கழுத்துமாக நிற்கும் மணப்பெண் முகத்தில் ஒரு புள்ளி வைத்து வெளிச்சத்தை மட்டும் சற்று ஏற்ற அது போதும், மாஸ்க் வரைய (திருத்தும் பகுதியைக் கையால் கோடிட்டுப் பிரிக்க) வேண்டியதில்லை. வேகம் குறைவு. செய்த திருத்தங்களைப் படக் கோப்புறைக்குள் என்கேஎஸ்சி பராம் என்ற துணைக் கோப்புறையில் வைக்கும். படங்களை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி அந்தத் துணைக் கோப்புறையை விட்டுவிட்டால், வேலை அத்தனையும் காணாமல் போகும். கோப்புறையை முழுசாக நகர்த்துங்கள்.

கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல் திருத்தக் குறிப்பை ரா கோப்புக்குள்ளேயே எழுதுகிறது. ஆகவே தொலையாது. லென்ஸின் மழுக்கத்தைச் சரிசெய்யும் டிஜிட்டல் லென்ஸ் ஆப்டிமைசர் உண்மையாகவே பயன் தரும். கேமராவோடு வரும் கிட் லென்ஸில் ஓரங்கள் தெளிவது கண்ணுக்குத் தெரியும். முகப்புத்தான் பத்து ஆண்டு பழசு போன்ற தோற்றம்.

சோனியின் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் நிறத்துக்கு நல்லது, நுணுக்கமான வேலைக்குப் பத்தாது. ஃபியூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டூடியோ தனி ரகம்: கேமராவை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்தால், கேமராவுக்குள் இருக்கும் சிப்பே படத்தைத் திருத்தித் தரும். கணினி எவ்வளவு பழசானாலும் கவலையில்லை. ஃபிலிம் சிமுலேஷன்கள் (பழைய ஃபிலிம் சுருள்களின் நிறச் சாயல்கள்) அப்படியே வரும். அதே மாடல் கேமராவில் எடுத்த படமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பழைய கேமராவை விற்றுவிட்டால் அதில் எடுத்தவற்றை இதில் திறக்க முடியாது.

சோனி, ஃபியூஜி, நிக்கான் கேமராக்களுக்கென்று கேப்சர் ஒன் எக்ஸ்பிரஸ் என்று இலவசப் பதிப்பு ஒன்று இருந்தது. பழைய யூடியூப் காணொளிகள் இன்னமும் அதைப் பரிந்துரைக்கின்றன. 2024 ஜனவரியோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது, தேடி அலைய வேண்டாம். கேப்சர் ஒன்னின் காசு கொடுக்கும் பதிப்பு அருமையானது, ஆனால் மலிவு என்ற பேச்சுக்கு வெளியே நிற்பது.

டார்க்டேபிள்: முதல் நாள் ஏமாற்றம், பத்தாம் நாள் பழக்கம்

2009 முதல் வளர்ந்துவரும் திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; காசு, சந்தா, கணக்குத் திறப்பது எதுவும் இல்லை. படங்களை வரிசைப்படுத்தும் லைட்டேபிள் பகுதியும், திருத்தும் டார்க்ரூம் பகுதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. லைட்ரூம் கிளாசிக்குக்கு நேர் போட்டி என்று சொல்லத்தக்க இலவசம் இது ஒன்றே.

முதல் முறை திறப்பவர் பெரும்பாலும் முகம் சுளிப்பார். கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம் இங்கே சோகை பிடித்ததுபோல் வெளிறித் தெரியும். கேமரா பூசிய நிறப் பூச்சை டார்க்டேபிள் வேண்டுமென்றே நகலெடுப்பதில்லை. சென்சர் பதிந்ததை மட்டும் காட்டி, மிச்சத்தை நம் கையில் விடுகிறது. கழற்றிப்போட்டுவிட்டு ஓடிவிட வேண்டாம். நான்கு படியில் சரியாகும்.

முதலில் அமைப்புகளில் பிராசஸிங் பகுதிக்குப் போய், தானாகச் சேரும் பணிமுறையாக சிக்மாய்டைத் தேர்ந்தெடுங்கள். ராவின் அகன்ற வெளிச்ச வீச்சைத் திரைக்குள் அடக்கும் மாட்யூல், அதாவது திருத்தப் பெட்டி, அது. ஃபில்மிக் என்ற மற்றொன்றும் இருக்கிறது; அதில் பொத்தான்கள் அதிகம், தொடக்கத்தில் தலைசுற்றும். அடுத்து எக்ஸ்போஷர். 0.7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இருமடங்கு) ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். பின்னால் தெரியும் விளக்கு வெளுக்கிறதே என்று பயப்படாமல், முகம் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். வெளுத்த பகுதிகளைச் சிக்மாய்டு பிறகு மடக்கி உள்ளே கொண்டுவரும். மூன்றாவது, சிக்மாய்டில் கான்ட்ராஸ்ட். நான்காவது, கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி மாட்யூலில் பேசிக் கலர்ஃபுல்னெஸ் வரிசையிலுள்ள நேச்சுரல் ஸ்கின் ப்ரீசெட் (முன்னமைப்பு). படம் உயிர் பெற்றுவிடும். இந்த நான்கையும் ஸ்டைலாகச் சேமித்துவிட்டால், அடுத்த 300 படங்களுக்கு ஒரே சொடுக்கு.

நெருப்புக்கு வருவோம். தீமிதிக் குண்டத்து அனலோ ஹோமத் தீயோ, ஃபில்மிக்கில் அடிக்கடி சால்மன் மீன் துண்டு நிறத்தில் வந்து நிற்கும். சென்சர் பதியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களில், தீயின் நடுவில் சிவப்பு முதலில் உச்ச அளவை எட்டி நிரம்பிவிடுகிறது. நிறத்தை விடாப்பிடியாகக் காப்பாற்ற முயலும் கணக்கு, வெளிச்சத்தை ஏற்றும்போது சிவப்பை வெளுத்த சிவப்பாகவே வைத்திருக்கும், அதாவது ரோஜா. நம் கண்ணுக்குப் பழகிய தீயோ சிவப்பிலிருந்து ஆரஞ்சு, ஆரஞ்சிலிருந்து மஞ்சள், அப்புறம் வெள்ளை என்று போவது. சிக்மாய்டில் கலர் பிராசஸிங்கை பெர் சானலில் வைத்து, பிரிசர்வ் ஹியூ அளவை 100-இலிருந்து கீழே இறக்கினால் தீ மஞ்சளாகும். பாதிக்குக் கீழே போனால் தோல் நிறமும் மஞ்சளடிக்கத் தொடங்கும். முகம் பார்த்து நிறுத்துங்கள். டார்க்டேபிளைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு ஸ்லைடரைத் தொட்டதே இல்லை.

சிவப்புப் பட்டு வேறு சிக்கல். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) ஜேபெக்குக்கு உரியது. அதில் சிவப்பு நிரம்பிவிட்டதாகக் காட்டினாலும் ரா கோப்பில் இன்னும் இடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டார்க்ரூம் கீழ்ப்பட்டையில் ரா அளவிலேயே எது நிரம்பியது என்று காட்டும் குறி இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். அங்கே சேலை சுத்தமாக இருந்தால், அந்தக் குழம்பல், திரை காட்டக்கூடிய நிற எல்லையைச் சிவப்பு தாண்டியதால் வந்தது. கலர் கேலிப்ரேஷன் மாட்யூலில், நிறத்தை அந்த எல்லைக்குள் அடக்கும் காமட் கம்ப்ரெஷனைக் கூட்டினால் மடிப்பும் ஜரிகைக் கோடும் மீண்டும் தெரியும். ராவிலேயே நிரம்பியிருந்தால் எந்த மென்பொருளும் மீட்காது. அடுத்த முறை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பதுதான் வழி. 14 பிட் ராவில் ஒரு சானலுக்கு 16,384 படிகள் இருக்கின்றன, 8 பிட் ஜேபெக்கில் 256-தான். கொஞ்சம் இருட்டாக எடுத்து ஏற்றுவதை ரா தாங்கும், ஜேபெக் தாங்காது.

ஊதா, நீல எல்இடியும் இதே வகை. மண்டப மேடையிலும் கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்ட்ரீ மரங்களிலும் பார்க்கலாம். அதே காமட் கம்ப்ரெஷன் இங்கும் உதவும். லைட்ரூமில் செய்வதென்றால் கேலிப்ரேஷன் பகுதியில் நீல பிரைமரியின் சாச்சுரேஷனை இறக்குவது பழைய, நம்பகமான வழி. மேடை விளக்கு மின்னுவதால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தால் மட்டும் மென்பொருளைக் கூப்பிட வேண்டாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் சாதாரண விளக்குகளில் பட்டை விழுவது பெரும்பாலும் நிற்கும். எடுத்து முடித்தபின் அதைத் துடைப்பது நரகம்.

வொயிட் பேலன்ஸில் ஒரு கண்ணி. டார்க்டேபிளில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது: வொயிட் பேலன்ஸ் மாட்யூல், கலர் கேலிப்ரேஷன் மாட்யூல். புதிய பணிமுறையில் முதலாவதைக் கேமரா ரெஃபரன்ஸில் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில்தான் மாற்ற வேண்டும். இரண்டிலும் மாற்றினால் திருத்தத்தின் மேல் திருத்தம் விழுந்து, முகம் பச்சையோ நீலமோ அடிக்கும். மென்பொருளும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். குத்துவிளக்குச் சுடர் 1,900 கெல்வின் அளவில் எரிவது. லைட்ரூமின் அளவுகோல் 2,000-இல் நின்றுவிடும், ராதெரபி 1,500 வரை இறங்கும். ஆனாலும் விளக்கொளியை முழுக்க வெள்ளையாக்காதீர்கள். சாமி படம் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததுபோல் ஆகிவிடும்.

நிறைந்த வெளிச்சம் மெஜந்தாவாக மாறுவது இன்னொரு புகார். மூன்று சானலும் நிரம்பிய பிறகு வொயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குவதால் வருவது இது. ஹைலைட் ரிகன்ஸ்ட்ரக்ஷன் மாட்யூல் வழக்கமாகச் சரிசெய்துவிடும். அப்படியும் போகாவிட்டால், ரா பிளாக், வொயிட் பாயின்ட் மாட்யூலில் வொயிட் பாயின்ட் எண்ணைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில கேமராக்களின் சென்சர், பட்டியலில் சொன்ன எண்ணுக்கு முன்பே நிரம்பிவிடும்.

கறுத்த தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா மென்பொருளின் ஆட்டோ பொத்தானும் இங்கே ஒரே தப்பைத்தான் செய்கிறது. இருட்டான பகுதி என்று நினைத்து ஷேடோவைத் தூக்கும். முகத்தில் கான்ட்ராஸ்ட் போய், பளபளப்புப் போய், சாம்பல் படியும். ஷேடோ ஸ்லைடரைத் தொடாமல், எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி, கான்ட்ராஸ்டை அப்படியே வைத்தால் நிறம் நிறமாகவே இருக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் மினுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் சரியான அளவு. வெளுக்க வைப்பது திருத்தம் ஆகாது.

தைப்பூச இரவுக்கு நாய்ஸ். டீநாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூல், கேமரா மாடலுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் (கேமராவின் ஒளியுணர்வு அளவுக்கும்) ஏற்ப அளந்து வைத்த கணக்கைக் கொண்டு வேலை செய்கிறது. கேமரா புத்தம் புதியது என்றால் அந்தக் கணக்கு இன்னும் சேர்ந்திருக்காது. பொதுக் கணக்கில் ஓடும், முடிவும் சுமாராக இருக்கும். ஒருமுறை அளவைப் பிடித்துவிட்டால் ப்ரீசெட்டாகச் சேமித்து, ஐஎஸ்ஓ 1600-க்கு மேற்பட்ட படங்களுக்குத் தானாகச் சேரும்படி அமைக்கலாம். ஐஎஸ்ஓ 3200 வரை இது போதும். 6400-க்கு மேல், காவடியின் மயிலிறகு போன்ற நுண்ணிய இடங்களில் மெழுகு பூசியதுபோல் ஆகும். அங்கேதான் காசு கொடுக்கும் மென்பொருளுக்கு வேலை.

திறக்கவே திறக்காத படம் ஒன்று உண்டு. நிக்கான் இசட்8, இசட்9, இசட்எஃப் போன்றவற்றில் ஹை எஃபிஷியன்சி என்று ஒரு ரா வகை இருக்கிறது. கோப்பு சின்னதாகும் என்று பலர் அதில் எடுக்கிறார்கள். டார்க்டேபிள் போன்ற திறமூல மென்பொருள்கள் அதைத் திறக்காமல் கைவிரிக்கும். கேமரா மெனுவில் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டுக்கு மாற்றிவிட்டால் சிக்கலில்லை. ஏற்கெனவே எடுத்தவற்றை என்எக்ஸ் ஸ்டூடியோவில் டிஃப் என்ற, தரம் குறையாத 16 பிட் படக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 144 மெகாபைட் ஆகும், டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபியில் ஓடும் ஆனால் மூச்சு வாங்கும். அமைப்புகளில் ஓபன்சிஎல் (கிராஃபிக்ஸ் அட்டையை வேலைக்கு இழுக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள்; அது அணைந்திருந்தால் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் போன்ற கனமான மாட்யூலைத் தொட்டதும் திரை உறைந்து நிற்கும். மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

ராதெரபி

தனிப் படத்தை நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பவருக்கு இது சொர்க்கம். கேப்சர் ஷார்ப்பனிங் என்ற கூர்மையாக்கம் மிகத் துல்லியமானது. கோபுரச் சிற்பங்களை எடுப்பவர் ஒருமுறை பார்த்தால் விடமாட்டார். ஃபியூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சர் படங்களில் இலைகள் புழுப்போல் நெளியும் பிரச்சினைக்கு இதன் மூன்று சுற்று மார்க்கஸ்டைன் முறை நல்ல மருந்து. இதுவும் முழு இலவசம். ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி 2022-இல் வந்த 5.9 பதிப்பில்தான் சேர்ந்தது, இன்னமும் அது கைக்கு எளிதாக இல்லை. கல்யாண ஆல்பம் முழுவதையும் இதில் செய்வது ஊசியால் கிணறு வெட்டுவது.

காசு கொடுத்தால் என்ன கிடைக்கும்

டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் பியூர்ரா ஒரே வேலையைத்தான் செய்கிறது: ரா கோப்பை வாங்கி, நாய்ஸை நீக்கி, லென்ஸ் குறைகளைச் சரிசெய்து, டிஎன்ஜி (அடோபி வகுத்த பொது ரா வடிவம்) கோப்பாகத் திருப்பித் தரும். 120 அமெரிக்க டாலரை ஒட்டிய விலை, ஒரே முறை. ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த காவடிப் படத்தில் மயிலிறகின் இழை இழையாகத் திரும்பி வருவதைப் பார்க்கும்போது காசு வீண் இல்லை என்று தோன்றும். இதன் அண்ணன் ஃபோட்டோலேபில் முழுத் திருத்த வசதியும் உண்டு. விலை ஏறத்தாழ இருமடங்கு. டார்க்டேபிளோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர் அதையே வாங்கலாம், ஒரே முறை காசு கொடுத்து முடித்துவிடும் வகையில் அதுவே சிறந்தது.

பியூர்ராவையும் டார்க்டேபிளையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது இரட்டைத் திருத்தம் என்ற பிழை சுலபமாக நுழையும். பியூர்ரா லென்ஸ் வளைவை நேராக்கி அனுப்பிய படத்தின் மேல் டார்க்டேபிளின் லென்ஸ் கரெக்ஷனும் ஓடினால், தூண்கள் எதிர்ப்பக்கம் வளையும். அங்கே லென்ஸ் கரெக்ஷன், டீநாய்ஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எல்லாப் படத்தையும் போடவும் வேண்டாம். மாற்றிய கோப்பு மூலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு பெருக்கும், கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் ஆகும். எடுத்த 800 படங்களில் 40-ஐப் பொறுக்கி, அவற்றை மட்டும் அனுப்புங்கள். சுருக்கிய டிஎன்ஜி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், அது மற்ற மென்பொருளில் திறக்கிறதா என்று முதலில் ஒரு படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலவசச் சோதனைக் காலத்தை இதற்காகவே பயன்படுத்தலாம், உங்கள் கணினி தாங்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே முறை காசு என்பதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். புதிய கேமராவுக்கான ஆதரவு புதிய பதிப்பில்தான் வரும். கேமரா மாற்றினால் மென்பொருளையும் மேம்படுத்த வேண்டும். லைட்ரூம் 6-ஐ 2015-இல் வாங்கியவர்கள் இதை அனுபவத்தில் கண்டார்கள். அவர்களுக்கு அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் ஒரு மறுவழி: புதிய ராவை டிஎன்ஜியாக்கி, பழைய லைட்ரூமில் திறக்கலாம். டிஎக்ஸ்ஓவில் அந்த வழி செல்லாது. அது ஆதரிக்காத கேமராவின் படத்தை டிஎன்ஜியாக்கிக் கொடுத்தாலும் ஏற்காது.

அஃபினிட்டி 2025 அக்டோபர் முதல் இலவசம். கேன்வா கணக்கு ஒன்று திறந்தால் போதும். மண்டபத்தில் பின்னால் தொங்கும் ஒயரை, வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் படத்திலிருந்து எடுக்க ஃபோட்டோஷாப்புக்கு நல்ல மாற்று. ராவையும் திறக்கும். படங்களை வரிசைப்படுத்தும் வசதி இல்லை, ஒவ்வொன்றாகத்தான் திறந்து மூட வேண்டும். டார்க்டேபிளிலிருந்து டிஃப்பாக அனுப்பிக் கடைசித் துடைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. லுமினார், ஆன்1 இரண்டும் வானம் மாற்றும் வித்தைகளால் ஈர்ப்பவை. தீபாவளி இரவுக்கு வேறு வானம் எதற்கு?

லைட்ரூமை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்பார்கள். முகம், தோல், உடை என்று ஆளையே பகுதி பகுதியாகப் பிரித்து மாஸ்க் போடுவதில் அதற்கு ஈடு இல்லை. கைப்பேசியில் தொடங்கி கணினியில் முடிக்கலாம். 600 படங்களை இரண்டு இரவில் கொடுத்தாக வேண்டும் என்றால் சந்தா தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும். வருடத்துக்கு நான்கு விசேஷம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கட்டுவதென்றால் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள்: மாதா மாதம் காசு போவதால் மட்டும் அது மாத ஒப்பந்தம் ஆகிவிடாது. ஆண்டு ஒப்பந்தத்தின் தவணையாக இருந்தால், இடையில் நிறுத்தும்போது மீதித் தொகையில் ஒரு பகுதி கேட்பார்கள். மாணவர் சலுகையில் வாங்கியவர் படிப்பு முடிந்த பிறகு என்ன விலை என்பதையும் இப்போதே பார்த்துவைப்பது நல்லது. இணையச் சந்தைகளில் முப்பது வெள்ளிக்கு ஓராண்டு என்று விற்கும் கணக்குகளைத் தொடாதீர்கள். யாரோ ஒருவரின் குழுக் கணக்கில் ஓர் இருக்கை அது. அவர் அணைத்த அன்று உங்கள் லைட்ரூமும் அணையும்.

சந்தாவை நிறுத்தும் நாள்

நிறுத்தினாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டப்படும். உங்கள் ரா கோப்புகள் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கின்றன, அவற்றை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் செய்த திருத்தங்களை வேறு மென்பொருள் முழுமையாகப் படிக்காது. நிறுத்துவதற்கு முன் முக்கியமான படங்களை 16 பிட் டிஃப்பாகவோ, குறைந்தது உயர்தர ஜேபெக்காகவோ எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து மெட்டாடேட்டாவைக் கோப்பில் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால் நட்சத்திரக் குறியீடு, குறிச்சொற்கள் எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பாக வெளியே வரும். டார்க்டேபிள் அவற்றை எடுத்துக்கொள்ளும், கிராப் போன்ற சில எளிய திருத்தங்களையும் முடிந்தவரை.

டார்க்டேபிளும் தன் வேலையை எக்ஸ்எம்பி கோப்பில்தான் எழுதுகிறது. லைட்ரூமின் பெயரிடும் முறை வேறு என்பதால் ஒன்றையொன்று அழிக்காது. படத்தின் பெயரை விண்டோஸில் போய் மாற்றுவதுதான் ஆபத்து: எக்ஸ்எம்பி கோப்பு பழைய பெயரில் அநாதையாகக் கிடக்கும், படம் திருத்தமே செய்யாததுபோல் திறக்கும். பெயர் மாற்றுவதை, நகர்த்துவதை எல்லாம் மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள். மெமரி கார்டிலிருந்து நேரடியாகத் திருத்தவும் கூடாது. கார்டைத் துடைத்ததும் எக்ஸ்எம்பியும் சேர்ந்து போகும்.

கடைசியில் ஏற்றுமதி. நிறவெளி (கோப்பில் அடங்கும் நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் உறவினர் கைப்பேசியில் பட்டு சாயம் போனதுபோல் தெரிய வாய்ப்புண்டு. நீளப் பக்கம் 2,048 பிக்சல், ஜேபெக் தரம் 90; வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அச்சுக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கு: 4ஆர் (4க்கு 6 அங்குலம்) என்றால் 1,200க்கு 1,800 பிக்சல், 8ஆர் (8க்கு 10 அங்குலம்) என்றால் 2,400க்கு 3,000. கேமரா எடுப்பது 3:2. 4ஆருக்கு அது அப்படியே பொருந்தும். 8ஆர் 5:4 என்பதால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும், குழுப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் தோள் அதில் போய்விடும். கிராப்பை 5:4-இல் பூட்டி நீங்களே வெட்டி அனுப்புங்கள், அல்லது கடையில் 8க்கு 12 அங்குலம் என்று கேளுங்கள்.